வெறுக்காமல் தடுக்க முடியுமா? தானிய வியாபாரி கேட்டதும் ஸ்பினோசா சொன்னதும்

கேள்வி இது: பகுத்தறிவுவாதிகள் எனப்படும் ஐரோப்பியத் தத்துவவாதிகள் டேக்கார்ட், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் மூவரும் எழுதி முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அறத்தை நடத்துவது அறிவல்ல, உணர்ச்சிதான் என்று அவர்களுக்குப் பின்னால் வந்த ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹ்யூம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போது மூளையையே ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். அப்புறம் எதற்கு இந்தப் பழைய ஆட்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? வரலாற்றுப் பாடமாக வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது என்றுதான் நான் நினைக்கிறேன். வழக்கமாகச் சொல்லும் காரணம் எனக்கு உடன்பாடில்லை. "எதையும் ஆராய்ந்து ஏற்கக் கற்றுக்கொடுத்தார்கள்" என்பார்கள். அதற்கு இவர்கள் எதற்கு? எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம் போதும். இவர்கள் செய்த காரியம் அதைவிட விவகாரமானது. எது நடந்தாலும் அதற்கொரு காரணம் உண்டு என்ற ஒரே பிடியோடு கல், கோள், கடிகாரம் என்று விளக்கிக்கொண்டே வந்தவர்கள், மனிதனின் கோபமும் குற்றமும் எதிரே வந்தபோதும் பிடியை விடவில்லை. அதற்கும் காரணம் உண்டு என்று உள்ளே நுழைந்தார்கள். நுழைந்ததும் ஒரு சிக்கலில் மாட்டினார்கள். ஒருவன் ஏன் அப்படிச் செய்தான் என்று முழுக்கத் தெரிந்துவிட்டால் அவனைத் திட்டுவதில் என்ன நியாயம் மிச்சமிருக்கிறது? திட்டுவதற்கு நியாயமில்லை என்றால் தடுப்பதற்கு மட்டும் எங்கிருந்து நியாயம் வரும்? தூக்குத்தண்டனை விவாதத்திலும் இந்தச் சிக்கல்தான் ஓடுகிறது, குடிநோயாளி இருக்கும் வீட்டில் நடக்கும் சண்டையிலும் இதுதான் ஓடுகிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பகுத்தறிவுவாதிகள் என்றதும் கடவுள் மறுப்பாளர்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். மூவருமே கடவுளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள். ஸ்பினோசாவின் கடவுள் இயற்கையோடு ஒன்றாகிப்போனவர் என்பதால் அவருக்கு நாத்திகர் என்ற பட்டம் கிடைத்தது.

முதலில் ஹ்யூம் விஷயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் ஒரு பெரிய தவறான புரிதல் இருக்கிறது. "அறிவு உணர்ச்சிகளுக்கு அடிமை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்" என்று ஹ்யூம் எழுதிய நூல் வந்தது 1739-40இல். ஸ்பினோசாவின் முக்கிய நூலான 'எதிக்ஸ்' (அறவியல்) வெளியானது 1677இல், அவர் இறந்த அதே ஆண்டில். அதன் நான்காம் பகுதியைத் திறந்தால், ஓர் உணர்ச்சியை அதைவிட வலுவான எதிர் உணர்ச்சியால்தான் அடக்க முடியும் என்று இருக்கிறது. சில பக்கம் தள்ளி, எது நல்லது எது கெட்டது என்று சரியாகத் தெரிந்திருந்தாலும், அது உண்மை என்ற ஒரே காரணத்தால் எந்த உணர்ச்சியும் அடங்காது என்று இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறார். புகைபிடிக்கும் மருத்துவரைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மூன்றாம் பகுதியில் இன்னொரு இடம்: ஒன்று நல்லது என்று முடிவுசெய்துவிட்டு நாம் ஆசைப்படுவதில்லையாம், ஆசைப்படுவதால்தான் அதை நல்லது என்கிறோமாம். உலர்ந்த தர்க்கத்தால் மனிதனைத் திருத்திவிடலாம் என்று நம்பிய அப்பாவி என்ற சித்திரம் ஸ்பினோசாவுக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

அப்படியானால் அறிவுக்கு அங்கே என்ன வேலை? அதைப் பார்க்க அவர் எழுதிய கடிதங்களிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

1664 டிசம்பரில் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் ஸ்பினோசாவுக்குக் கடிதம் போடுகிறார். பெயர் வில்லம் வான் பிளையன்பெர்க், தானிய வியாபாரி. டேக்கார்டின் தத்துவத்தை விளக்கி ஸ்பினோசா முந்தைய ஆண்டு வெளியிட்ட புத்தகத்தைப் படித்திருக்கிறார். ஸ்பினோசா வாழ்நாளில் தன் பெயர் போட்டு வெளியிட்டது அந்த ஒன்றைத்தான். வியாபாரியின் கேள்வி நேரடியானது. எல்லாவற்றையும் ஒவ்வொரு நொடியும் தாங்கி நடத்துவது கடவுள்தான் என்றால், ஆதாம் விலக்கப்பட்ட கனியைத் தின்ன வேண்டும் என்று நினைத்தானே, அந்த நினைப்பையும் கடவுள்தானே நடத்தியிருக்க வேண்டும்? ஆக, ஒன்று அந்த நினைப்பில் தீமை இல்லை. இல்லையென்றால் கடவுளே தீமை செய்தார். இரண்டில் எது?

ஸ்பினோசாவுக்கு முதலில் ஒரே சந்தோஷம். உண்மையைத் தேடும் ஒரு நண்பர் கிடைத்துவிட்டார் என்று உற்சாகமாகவே பதில் எழுதுகிறார். கனியைத் தின்னாதே என்றது கட்டளை அல்ல, தகவல் என்கிறார். விஷம் கொல்லும் என்று நம் அறிவு சொல்கிறது அல்லவா, அந்த மாதிரி. மீறினால் யாரோ கோபித்துக்கொண்டு தண்டிக்கிறார் என்று எண்ண வேண்டாம். தின்றதன் விளைவு தானாக வந்து சேரும், அவ்வளவுதான். தீமை என்று நாம் சொல்வது ஏதோ ஒன்று குறைகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்வது.

வியாபாரி விடவில்லை. அடுத்த கடிதத்தில் தன் நிலையைத் தெளிவாக வைக்கிறார். எனக்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு, ஒன்று என் அறிவு, இன்னொன்று வேதம். இரண்டும் மோதினால் வேதத்தின் பக்கமே நிற்பேன். இதைப் படித்ததும் ஸ்பினோசாவின் தொனி மாறுகிறது. அப்படியானால் நாம் எழுதிக்கொள்வதில் இருவருக்கும் பயனில்லையே என்கிறார். ஆனாலும் நிறுத்தவில்லை, 1665 ஜூன் வரை ஆளுக்கு நான்காக எட்டுக் கடிதங்கள் போய்வந்தன. நடுவில் வியாபாரி நேரிலேயே வந்து பார்த்துவிட்டும் போனார்.

இந்த மனிதரைத் தத்துவப் பேராசிரியர்கள் பலர் ஒரு தொல்லையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஏனென்றால் கேட்க வேண்டியதை அவர்தான் கேட்டார். எல்லாமே அவரவர் இயல்புப்படி கட்டாயமாக நடக்கிறது என்றால், நான் திருடாமல் இருப்பதற்கு என்ன காரணம் மிஞ்சுகிறது? யாரும் பார்க்காத இடத்தில் என்னை எது தடுக்கும்? அடுத்து, இன்னும் கூர்மையாக: குற்றம் செய்வது ஒருவனுடைய இயல்போடு மோதவே இல்லை, அதில் அவனுக்கு உறுத்தலே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவனை நல்வழிக்கு வரச்சொல்ல உங்களிடம் ஒரு வாதமாவது இருக்கிறதா?

முதல் கேள்விக்கு ஸ்பினோசா சொன்ன பதில் பிரமாதம். தண்டனைக்குப் பயந்து மட்டும் குற்றம் செய்யாமல் இருப்பவன் அறத்தோடு சம்பந்தமே இல்லாதவன். நான் குற்றத்திலிருந்து விலகி நிற்கிறேன், நிற்க முயல்கிறேன் என்றால் அது என் இயல்புக்கே எதிரானது என்பதால்தான். இதை எழுதியவருக்கு அப்போது வயது 32. ஆம்ஸ்டர்டாமின் போர்த்துகீசிய யூதச் சமூகம் 1656 ஜூலை 27 அன்று, அவருக்கு 23 வயதில், சாபம் போட்டு அவரை விலக்கிவைத்தது. யாரும் பேசக் கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக் கூடாது. அதற்குப் பிறகு மிச்ச வாழ்க்கை முழுக்கக் கண்ணாடி வில்லை தேய்த்தும் நண்பர்கள் தந்த சிறு உதவித்தொகையிலும் வாழ்ந்தவர். கடவுள் பயம் போய்விட்டால் ஒழுக்கம் போய்விடும் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் இதற்குப் பதிலாகக் காட்டப்பட்டது ஸ்பினோசாவின் வாழ்க்கைதான். அவரை வெறுத்தவர்களாலும் அவர் நடத்தையில் குறை சொல்ல முடியவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்தான் விசித்திரம். சாப்பாட்டு மேசையில் உட்காருவதைவிடத் தூக்கில் தொங்குவதே தனக்கு நல்வாழ்வு என்று ஒருவனுக்குத் தெளிவாகத் தெரிந்தால், அவன் தூக்கில் தொங்காமல் இருந்தால்தான் முட்டாள் என்கிறார். குற்றமே தன் இயல்புக்கு நிறைவு என்று தெளிவாகக் காண்பவனுக்கும் அதே பதில்தான். படிக்கும்போது கிண்டல் மாதிரி இருக்கிறது. என் பார்வையில் இது பாதிப் பதில். அப்படிப்பட்ட ஆளிடம் பேசிப் பயனில்லை என்று ஒத்துக்கொள்கிறார், ஆனால் நாம் அவனை என்ன செய்வது என்பதைத் தள்ளிப்போடுகிறார். மீதிப் பாதி வர இன்னும் பதினோரு ஆண்டு ஆயிற்று.

அது வந்தது லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்குக்கு 1676இல் எழுதிய கடிதத்தில். ஓல்டன்பர்குக்கும் அதே கவலைதான். எல்லாம் கட்டாயம் என்றால் எல்லாரும் மன்னிக்கத்தக்கவர்கள் ஆகிவிடுவார்களே? ஆமாம், ஆகிவிடுவார்கள், அதனால் என்ன என்கிறார் ஸ்பினோசா. குதிரை மனிதனாக இல்லாமல் குதிரையாக இருப்பதற்கு அதைக் குறை சொல்ல முடியாது. நாய் கடித்து வெறி பிடித்தவனையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவனை மூச்சடைத்துக் கொல்வது சரியே.

இந்தக் கடைசி வாக்கியம் தூக்கிவாரிப் போடுகிறதா? போட வேண்டும். ஆனால் அதில் இரண்டு விஷயம் கத்தி வைத்தாற்போல் பிரிந்து நிற்கிறது: ஒருவன் பழிக்கு உரியவனா என்பது ஒரு கேள்வி, அவனைத் தடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டாவதற்கு ஆம் என்று சொல்லலாம். நம் கோபம் இந்த இரண்டையும் சேர்த்தே கட்டிவைத்திருக்கிறது. அவன் கெட்டவன், அதனால் அடை. அவன் பாவம், அதனால் விடு. மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது என்பதே பலருக்கு உறைப்பதில்லை.

இது எப்படிச் சாத்தியம் என்பதற்கான உளவியலும் 'எதிக்ஸ்' மூன்றாம் பகுதியிலேயே இருக்கிறது. நமக்குத் துன்பம் தந்த ஒன்று தன் இஷ்டப்படி அதைச் செய்தது என்று எண்ணினால் வெறுப்பு கூடும், வேறு வழியின்றி நடந்தது என்று தெரிந்தால் குறையும். பேருந்து நெரிசலில் யாரோ காலை மிதிக்கிறார், கோபமாகத் திரும்புகிறீர்கள், பின்னாலிருந்து பத்துப் பேர் அவரைத் தள்ளுவது தெரிகிறது. வலி குறையவில்லை, கோபம் குறைந்துவிட்டது. காரணம் தெரிந்தது என்பதே இங்கே ஒரு சக்தியாக வேலை செய்கிறது. அறிவு உணர்ச்சிக்கு எதிரே நின்று போதனை செய்யவில்லை. உணர்ச்சி எதன்மேல் சாய்ந்து நின்றதோ அதை உருவிவிடுகிறது. ஐந்தாம் பகுதியில் இதற்கு அவர் தரும் உதாரணம் இன்னும் அழகு: பேசத் தெரியவில்லையே, நடக்கத் தெரியவில்லையே என்று கைக்குழந்தையைப் பார்த்து யாராவது பரிதாபப்படுகிறோமா? மனிதர்களில் பெரும்பாலோர் பெரியவர்களாகவே பிறந்து, எங்கோ ஒருவர் மட்டும் குழந்தையாகப் பிறந்தால் அப்போது பரிதாபப்படுவோம்.

இன்றைய அறவியலில் இந்த விவாதம் அப்படியே உயிரோடு இருக்கிறது. டெர்க் பெரபூம் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 2001இல் வெளியிட்ட நூலிலும் அதற்குப் பின்னும் குற்றவாளியைத் தொற்றுநோயாளியோடு ஒப்பிட்டு வாதாடுகிறார். தொற்றுநோயாளியை அவர்மேல் குற்றம் இல்லாமலேயே தனிமைப்படுத்துகிறோம், தேவைக்கு மேல் துன்புறுத்துவதில்லை, குணப்படுத்தக் கடமைப்படுகிறோம். குற்றவாளிக்கும் அதுவே முறை. ஸ்பினோசாவின் வெறிநாய் வாக்கியத்திலிருந்து கொடூரத்தை எடுத்துவிட்டால் கிடைப்பது கிட்டத்தட்ட இதுதான். எதிர்த்தரப்பில் பலமான குரல் பிரிட்டிஷ் தத்துவவாதி பி.எஃப். ஸ்ட்ராசனுடையது. 1962இல் வந்த கட்டுரையில் அவர் சொன்னது: ஒருவர்மேல் நாம் கோபப்படுவதும் மனம் நோவதும் அவரை மனிதராக மதிப்பதன் ஒரு பகுதி. எல்லாரையும் காரணங்களின் விளைவாக மட்டுமே பார்க்கத் தொடங்கினால் அவர்கள் நமக்கு நோயாளிகளாகவும் கையாள வேண்டிய பொருள்களாகவும் ஆகிவிடுவார்கள். உறவு என்பதே இருக்காது. கணவன் செய்த துரோகத்தைக் கேட்டு "பாவம், அவருடைய வளர்ப்பு அப்படி" என்று மட்டும் சொல்லும் மனைவி அவரை மன்னிக்கவில்லை, கைகழுவிவிட்டாள்.

ஸ்ட்ராசன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் எனக்கு ஸ்பினோசா வழியில் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று தெரிகிறது. பழி என்ற கருத்து வெறும் வெறுப்பின் கருவி அல்ல, அது ஒரு உச்சவரம்பும்கூட. செய்த குற்றத்துக்கு மேல் தண்டிக்கக் கூடாது என்று சொல்ல முடிவது, தண்டனைக்கு உரியது இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு இருப்பதால்தான். பழியை எடுத்துவிட்டு ஆபத்தை மட்டும் அளவாக வைத்தால், ஆபத்து இருப்பதாக யாராவது சொல்லும்வரை ஒருவரை அடைத்துவைக்கலாம். 2011 ஜூலை 22 அன்று 77 பேரைக் கொன்ற பிரெய்விக்குக்கு நார்வே விதித்தது 21 ஆண்டுத் தடுப்புக்காவல். ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதும்வரை அதை நீட்டித்துக்கொண்டே போகலாம். அவர் விஷயத்தில் யாருக்கும் மனம் உறுத்தாது. ஆனால் தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் ஓராண்டுவரை உள்ளே வைக்கப்படுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் அளவு குற்றம் அல்ல, ஆபத்துதான். வெறுப்பு இல்லாத தடுப்பு என்பது தானாகவே கருணையாகிவிடாது. ஸ்பினோசாவைப் படித்து நெகிழ்ந்துபோகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அவரே ஒருமுறை வெறுப்பில் எரிந்திருக்கிறார். 1672, பிரெஞ்சுப் படை நெதர்லாந்துக்குள் புகுந்த ஆண்டு. தோல்விக்கெல்லாம் ஆட்சித் தலைவர் யோஹான் டி விட்தான் காரணம் என்று வதந்தி. ஆகஸ்ட் 20 அன்று ஹேக் நகரச் சிறையில் இருந்த அண்ணன் கோர்னேலிஸைப் பார்க்கப் போனார் யோஹான். வெளியே கூடிய கூட்டம் இருவரையும் இழுத்துப்போட்டுக் கொன்றது, உடல்களைச் சிதைத்தது. ஸ்பினோசா அப்போது அதே ஊரில், ஓர் ஓவியரின் வீட்டில் குடியிருந்தார். நான்கு ஆண்டு கழித்து, 1676 நவம்பரில், லைப்னிட்ஸ் அவரைத் தேடி ஹேக் வந்தபோது அவரே இதைச் சொல்லியிருக்கிறார். 'காட்டுமிராண்டிகளிலும் கடைசியானவர்களே' என்று எழுதிய தட்டியைக் கொலை நடந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கக் கிளம்பினாராம். வீட்டுக்காரர் கதவைப் பூட்டிவிட்டார். பூட்டாவிட்டால் அன்று அவரையும் கொன்றிருப்பார்கள், 'எதிக்ஸ்' முடிந்திருக்காது.

வெறுப்பை அன்பால் எதிர்கொள்ளச் சொன்ன தத்துவவாதியை அன்று தடுத்தது தத்துவம் அல்ல, பூட்டு. இதைச் சொல்லி அவரை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. அவர் கொள்கைக்கு இது எதிரானதே அல்ல. ஒருவர் உணர்ச்சியை இன்னொருவர் உணர்ச்சி பற்றிக்கொள்ளும், நம்மைப் போன்றவர் என்று நினைக்கும் ஒருவரிடம் எதைக் காண்கிறோமோ அது நமக்குள்ளும் எழும் என்று மூன்றாம் பகுதியில் அவர் எழுதியிருந்தார். கூட்டத்துக்கு அது பொருந்தும் என்றால் அவருக்கும் பொருந்தும். பிற்பாடு எழுதி முடிக்காமல் விட்டுப்போன அரசியல் நூலின் தொடக்கத்தில், சில நல்லவர்களின் நேர்மையை நம்பி நிற்கும் அரசு நிலைக்காது, ஆள்கிறவர்கள் அறிவால் நடந்தாலும் ஆசையால் நடந்தாலும் தவறு செய்ய முடியாதபடி அமைப்பை வைக்க வேண்டும் என்கிறார். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு பொய்ச் செய்தி ஒரு தெருவையே கொலைக்கூட்டமாக்கும் காலத்தில், 'மக்கள் சிந்தித்துச் செயல்பட வேண்டும்' என்று அறிக்கை விடுவதைவிட இது எவ்வளவோ உருப்படியான அறவியல்.

டேக்கார்ட் பக்கம் வந்தால், அங்கேயும் எனக்குப் பிடித்தது ஒரு கடிதப் போக்குவரத்துதான். எதிர்முனையில் இருந்தவர் பொஹீமியாவின் இளவரசி எலிசபெத். தந்தை அரியணையை இழந்தபின் குடும்பம் ஹேக்கில் அகதியாக இருந்தது. 1643இல் தொடங்கி டேக்கார்ட் இறக்கும் சற்று முன்வரை இருவரும் எழுதிக்கொண்டார்கள். 1645 மே மாதம் எலிசபெத்துக்கு விடாத மெல்லிய காய்ச்சல், வறட்டு இருமல். அத்தகைய காய்ச்சலுக்குச் சாதாரணமாகக் காரணம் துக்கம்தான் என்று எழுதுகிறார் டேக்கார்ட். காட்டின் பச்சையையும் பூவின் நிறத்தையும் பறவை பறப்பதையும் எதையும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள் என்று யோசனையும் சொல்கிறார். ஆகஸ்டில் பேச்சு நல்வாழ்வு பற்றித் திரும்புகிறது. வெளியே என்ன நடந்தாலும் அறிவைச் சரியாகப் பயன்படுத்தினால் மனநிறைவு நம் கையில்தான் என்பது அவர் கட்சி. எலிசபெத் ஒரே அடியில் வெட்டுகிறார்: யோசிக்கும் சக்தியையே முழுவதும் பறித்துவிடும் நோய்கள் இருக்கின்றனவே, அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

டேக்கார்ட் பின்வாங்கினார். எல்லாருக்கும் பொதுவாக நான் சொன்னதை, அறிவைத் தடையில்லாமல் பயன்படுத்த முடிகிறவர்களுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று அடுத்த மாதமே எழுதினார். மனச்சோர்வில் கிடப்பவரிடம் 'நேர்மறையாக யோசி' என்று வகுப்பெடுக்கும் எல்லாருக்கும் இந்த இரண்டு கடிதத்தையும் அச்சடித்துக் கொடுக்கலாம். மனத்தை ஆள்வது கடமை என்று சொல்லும் எந்த அறவியலும், அந்த மனம் உடலைச் சார்ந்தது என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்கை முதலில் கேட்டது எலிசபெத். 1649இல் வந்த உணர்ச்சிகளைப் பற்றிய டேக்கார்டின் நூல் இவருடைய நச்சரிப்பில் பிறந்ததுதான்.

லைப்னிட்ஸை இங்கே சுருக்கமாகத்தான் சொல்லப்போகிறேன். இருக்கக்கூடிய உலகங்களிலேயே சிறந்தது இதுதான் என்று 1710இல் அவர் எழுதியதை, 1755 நவம்பர் 1 லிஸ்பன் நிலநடுக்கத்துக்குப் பிறகு பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் கிழித்துத் தொங்கவிட்டார். அந்தக் கிழிசலைத் தைக்க நான் முயலப்போவதில்லை. அவரிடம் பயன்படுவது வேறு. எதுவும் போதிய காரணமின்றி இருப்பதில்லை என்ற அவர் கொள்கையை அதிகாரத்தின்மேல் திருப்பிப் பாருங்கள். என்னைப் பாதிக்கும் முடிவுக்கு எனக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும் என்ற உரிமை கிடைக்கும். சட்டம் படித்தவர் அவர். சச்சரவு வந்தால் 'வாருங்கள், கணக்கிடுவோம்' என்று உட்கார்ந்து தீர்க்கும் ஒரு குறியீட்டு மொழியைக் கனவு கண்டார். இன்று கடன் தரலாமா, யாரை வேலைக்கு அழைக்கலாம் என்று மென்பொருள் கணக்கிடுகிறது. ஆனால் ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. அவர் கனவில் கணக்கின் ஒவ்வொரு படியும் இருவர் கண்முன்னும் இருந்தது. நமக்குக் கிடைத்திருப்பது விடை மட்டும்.

இவர்கள் சறுக்கிய இடங்களையும் சொல்லாமல் விடக் கூடாது. விலங்குகளை இயந்திரம் என்றார் டேக்கார்ட். ஸ்பினோசா இன்னும் மோசம் என்பேன்: விலங்குகளுக்கு உணர்வு உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அவற்றைக் கொல்லக் கூடாது என்பது வெற்று மூடநம்பிக்கையும் பெண்களுக்குரிய இரக்கமும் என்று எழுதினார். அவற்றின் இயல்பும் நம் இயல்பும் வேறு, அதனால் விருப்பம்போல் பயன்படுத்தலாம் என்பது வாதம். இதே ஸ்பினோசாவைப் படித்துத்தான் நார்வேயின் ஆர்னே நெஸ் இயற்கை முழுவதற்கும் மதிப்பு உண்டு என்ற சூழலியல் தத்துவத்தை எழுப்பினார் என்பது வேடிக்கை. பெண்கள் விஷயமும் அப்படியே. முடியாமல் நின்ற அந்த அரசியல் நூலின் கடைசிப் பத்தி, பெண்களுக்கு ஆட்சியில் பங்கு இல்லை என்று 'அனுபவத்தை' சாட்சியாக அழைக்கிறது. எதற்கும் காரணம் கேட்டவர், அரண்மனைகளிலும் வீடுகளிலும் பெண்கள் ஏன் கீழே இருக்கிறார்கள் என்பதற்கு மட்டும் காரணம் கேட்கவில்லை. அதைக் கேட்டவர் டேக்கார்டைப் படித்த பிரெஞ்சுக்காரர் புலேன் டெ லா பார். 1673இல் வந்த நூலில், மனத்துக்கு ஆண் பெண் பேதம் கிடையாது, பழக்கத்தைத்தான் இயற்கை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம் என்று வாதாடினார். அதே ஆயுதம், அதே தலைமுறை. ஸ்பினோசாவிடம் இருந்த தயக்கம் இவரிடம் இல்லை.

படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: 'எதிக்ஸை' முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். வரையறை, மெய்கோள், தேற்றம், நிரூபணம் என்று வடிவியல் பாடம்போல ஓடும், மொத்தம் ஐந்து பகுதி, 259 தேற்றம்; பொருள், பண்பு என்று வரும் முதல் பகுதியிலேயே பாதிப்பேர் மூடிவைத்துவிடுவார்கள். மூன்றாம் பகுதியின் முன்னுரையைப் படியுங்கள். மனிதச் செயல்களையும் ஆசைகளையும் கோடு, தளம், திடப்பொருள் மாதிரி ஆராயப்போகிறேன் என்று சொல்லும் இடம் அது. பின்பு அந்தப் பகுதியின் இறுதியில் இருக்கும் 48 உணர்ச்சி வரையறைகள். அடுத்து நான்காம் பகுதியின் பின்னிணைப்பு. நிரூபணம் ஏதுமில்லாமல் 32 சிறு பத்திகளில் எப்படி வாழ்வது என்று நேராகப் பேசுகிறார். கடிதங்களில் வியாபாரி எழுதியதை முதலில் படித்து, உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதன்பிறகு ஸ்பினோசாவின் பதிலைத் திறங்கள். குறிப்பாக வியாபாரியின் மூன்றாவது கடிதத்துக்கு. உறுத்தலே இல்லாத குற்றவாளியைப் பற்றிய கேள்வி அதில்தான் இருக்கிறது.